கழகத்தில் ஒருவர் சிரித்துவிட்டார்

மாநகர நாடக மரபுக் காப்புக் கழகத்தில் வேலை கிடைத்த அன்று, இனிமேல் நாடகமெல்லாம் ஓசியில் பார்க்கலாம் என்று வின்சன்ற் தன் மனைவி கிளடிஸிடம் சொன்னார். எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், அவர்கள் குடியிருந்த மல்வேர்னில் பனி முழங்கால் அளவு கிடந்தது. மன்னாரில் அவருக்கு ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. வீடும் பட்டறையும் ஒரே நாளில் எரிக்கப்பட்ட பிறகு, குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். கழகத்தில் அவருடைய வேலை கட்டடப் பராமரிப்பு: கூட்டுவது, துடைப்பது, பூட்டுத் திருத்துவது, கூட்டம் நடந்தால் கதிரை போட்டுக் கோப்பி ஊற்றுவது.

கட்டடம் நகரின் நடுவில், டன்டாஸ் வீதிக்குத் தெற்கே ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. உள்ளே முந்நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம், நல்ல பலகை போட்ட மேடை, கருஞ்சிவப்பில் ஒரு திரைச்சீலை. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று முதல் வாரமே வின்சன்ற் எட்டிப் பார்த்தார். கழகத்தின் ஆண்டறிக்கைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தன.

தலைவர் மிஸ்டர் ஹால்டேன் அந்த வழியால் போனபோது, அடுத்த நாடகம் எப்போது என்று வின்சன்ற் மரியாதையாகக் கேட்டார்.

தலைவர் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நாடகம் போடுவது கொட்டகைக்காரர்களின் வேலை. எங்கள் வேலை நாடகத்தைப் பாதுகாப்பது. போடத் தொடங்கினால் அது தேய்ந்துவிடும்."

வின்சன்றுக்கு இது விளங்கவில்லை. ஆனால் சம்பளம் தவறாமல் வந்தது. கழகத்தில் திரைச்சீலைக் குழு என்று ஒன்று இருந்தது. திரையைத் திறக்கலாமா என்பதை அது சில ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தது. கைதட்டல் ஆய்வுக் குழு என்று இன்னொன்று. அதன் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் கைதட்டாமல் தலையசைத்துக் கலைந்தார்கள். எல்லாக் குழுக்களுக்கும் கோப்பி வேண்டியிருந்தது.

இப்படி அமைதியாக நடந்துகொண்டிருந்த கழகத்துக்கு அடுத்த ஆண்டு ஒரு சோதனை வந்தது. மாகாண அரசு தன் உதவித்தொகைக்குப் புதிதாக ஒரு நிபந்தனை விதித்தது: ஆண்டுக்கு ஒரு நாடகாசிரியரையாவது கௌரவிக்க வேண்டும், அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவருடைய நாடகம் ஒன்று மேடையேற வேண்டும். கடைசி இரண்டும் கழகத்தின் கொள்கைக்கு முரணானவை. கழகம் அதுவரை இறந்தவர்களை மட்டுமே கௌரவித்தது. இறந்தவர்கள் பதிலுரை ஆற்றுவதில்லை.

உயிரோடு இருப்பவரை ஒரு மாதமாகத் தேடினார்கள். கடைசியில் யாரோ தொலைபேசிப் புத்தகத்தில் சிரில் ரக்வெல்லைக் கண்டுபிடித்தார்கள். அவர் நகரின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில், ஒரு பழைய தொடர்மாடியில், தனியாக இருந்தார்.

ரக்வெல் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு துறைமுக நகரத்துக்காரர். தகப்பன் மீன் வியாபாரி. பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி ஒரு சுற்றுலா நாடகக் கம்பனியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை, மேடைக்குப் பின்னால் நின்று சரியான கணத்தில் கதவை அடித்துச் சாத்துவது. அதை நான்கு வருடம் செய்தார். பிறகு சிறு வேடங்கள். அதன் பிறகு, மற்றவர்கள் எழுதும் நாடகங்களில் கதவு போதாது என்று தோன்றியதால், தானே எழுதத் தொடங்கினார்.

எல்லாம் கேலி நாடகங்கள். தவறான அறைக்குள் போகிறவர்கள், தவறான மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறவர்கள், காற்சட்டை இல்லாத நேரத்தில் வந்து சேரும் மாமனார்கள். 'அலுமாரிக்குள் நீதவான்' லண்டனில் நான்கு ஆண்டு ஓடியது. வெளியூர்களிலிருந்து சனம் பஸ் பிடித்து வந்து பார்த்தது. விமர்சகர்கள் மட்டும் வரும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். ரக்வெல்லின் புதிய நாடகம் பழைய நாடகத்தைப் போலவே இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். ரக்வெல் அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தார். பழையதற்கும் மண்டபம் நிறைந்திருந்தது.

பிறகு காலம் மாறியது. மேடையில் மனிதர்கள் குப்பைத் தொட்டிக்கு அருகில் இருந்துகொண்டு ஒன்றும் பேசாமல் இருப்பது நாகரிகமானது. ரக்வெல்லின் கொட்டகைகளில் சூதாட்டம் வைத்தார்கள். இரண்டாவது மனைவி ரொறன்ரோக்காரி. அவளோடு இங்கே வந்தார். அவளும் போய்ச் சேர்ந்தாள். இப்போது எண்பதை எட்டிக்கொண்டிருந்தார். இருதயம் சரியில்லை. பரபரப்பு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

முதல் நாள் கழகத்துக்கு வந்தவர், வரவேற்கக் காத்திருந்தவர்களைக் கடந்து நேரே மேடைக்குப் போய், குதிக்காலால் பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு கோப்பித் தட்டோடு நின்ற வின்சன்றைப் பார்த்து, "நல்ல மேடை. ஏன் இதில் காகிதம் வளர்க்கிறார்கள்?" என்று கேட்டார்.

"பாதுகாக்கினம், சேர்," என்றார் வின்சன்ற், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அன்றே வாசிப்புக் கூட்டம் நடந்தது. கழகத்தின் ஆய்வுத் துறைத் தலைவி கலாநிதி பிளேக் முன்னுரை வழங்கினார். நாடகத்தை அவர்தான் நெறிப்படுத்துவதாக இருந்தது. "இதை நாங்கள் சிரிப்பு நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே அலுமாரி என்பது ஒரு பேரரசின் மனச்சாட்சி."

"அது அலுமாரி," என்றார் ரக்வெல். "மூன்று பேர் நிற்கக்கூடிய அளவில் வேண்டும்."

"ஆசிரியருக்குத் தன் படைப்பு விளங்காமல் இருப்பது இயல்பு," என்று கலாநிதி பிளேக் சபைக்கு விளக்கினார்.

வாசித்தார்கள். கதை ஒரு கடற்கரை விடுதியில் நடக்கிறது. ஒழுக்கத்துக்குப் பேர் போன ஒரு நீதவான் பொய்ப் பெயரில் அங்கே தங்கியிருக்கிறார். மனைவி வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் அலுமாரிக்குள் ஒளிகிறார். கொஞ்ச நேரத்தில், விடுதிக்காரிக்குப் பயந்து ஓடிவரும் ஒரு பொலிஸ்காரன் அதே அலுமாரியைத் திறக்கிறான். நீதவானின் பகுதியைத் தலைவர் வாசித்தார், செத்தவீட்டில் வேதாகமம் வாசிக்கும் குரலில்: "மன்னிக்கவும். இங்கே ஆள் இருக்கிறது." பொருளாளர் அதே குரலில் பதில் வாசித்தார்: "பரவாயில்லை, ஐயா. நான் ஒதுங்கி நிற்கிறேன்."

அலுமாரியின் கதவு சாத்தப்படுகிறது என்று கலாநிதி பிளேக் வாசித்தபோது, பின்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. வின்சன்ற் கோப்பிக் கேத்திலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க அது கூடியது. கண்ணால் தண்ணீர் வந்தது.

கூட்டம் நின்றது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரித்ததில்லை. என்ன செய்வதென்று விதிகளில் இல்லை. தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

மறு வாரம் வின்சன்றை விசாரணைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்ப்புக்கு அமிர்தநாதர் வந்தார். ஊரில் வித்தியாதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ரொறன்ரோவில் எந்தக் கூட்டத்துக்குத் தமிழர் பிரதிநிதி ஒருவர் தேவைப்பட்டாலும் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்.

"வின்சன்ற், இது விளையாட்டில்லை. நீர் ஏன் சிரிச்சனீர் எண்டு சபை கேக்குது."

"சிரிப்பு வந்தது, ஐயா."

"அது காரணமில்லை, காணும். அது விளைவு."

"நீதவான் அலுமாரிக்குள்ள நிண்டுகொண்டு ஆள் இருக்கெண்டு சொல்லுறார். பொலிஸ்காரன் பரவாயில்லை எண்டிட்டு, அவனும் உள்ளுக்கை போறான்..." வின்சன்றுக்கு மறுபடியும் வரப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அமிர்தநாதர் எழுந்து, கோட்டின் பொத்தானைப் பூட்டி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "வீடிழந்த ஓர் இனம், அந்த அலுமாரியின் இருளில் தன் புகலிடத்தைக் காண்கிறது என்கிறார். அது சிரிப்பல்ல, பல நூற்றாண்டுகளின் அழுகை என்கிறார்."

அழுகை என்ற ஆங்கிலச் சொல் வின்சன்றுக்குத் தெரியும். "ஐயா, நான் அழேல்லையே."

"சும்மா இரும். உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

சபை உருகியது. கலாநிதி பிளேக் கைக்குட்டையை எடுத்தார். "உங்கள் வீடு எரிந்தபோது என்ன உணர்ந்தீர்கள் என்பதை எங்களோடு பகிர்ந்துகொள்வீர்களா? நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பி இருக்கிறது." கோப்பி ஊற்ற வேண்டியவர் விசாரணையில் நின்றதால் அன்று கோப்பி இருக்கவில்லை.

வின்சன்ற் யோசித்துவிட்டு அமிர்தநாதரைப் பார்த்துச் சொன்னார்: "பட்டறை எரிஞ்சதை நினைச்சால் எனக்குச் சிரிப்பும் வராது, நித்திரையும் வராது. அண்டைக்கு அலுமாரிக் கதையைக் கேக்கேக்கை அந்தக் கொஞ்ச நேரம் பட்டறை ஞாபகத்தில இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு அப்பிடி நடந்தது அதுதான் முதல் தரம். அவ்வளவுதான், ஐயா."

அமிர்தநாதர் சபையை நோக்கித் திரும்பினார். "துயரத்தால் அவருக்குப் பேச்சு வரவில்லை," என்று மொழிபெயர்த்தார்.

கூட்டம் முடிந்து வின்சன்ற் கதிரைகளை மடக்கும்போது ரக்வெல் பக்கத்தில் வந்து நின்றார். "நீ நிறையச் சொன்னாய். அந்த மனிதர் கொஞ்சம்தான் சொன்னார். என்ன சொன்னாய்?"

வின்சன்ற் தன் அரைகுறை ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். ரக்வெல் ஒரு கதிரையை விரித்து அதில் இருந்தார்.

"என் முதல் நாடகம் யுத்த காலத்தில் எங்கள் ஊரில் நடந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். முன்வரிசையில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என்னைத் திட்டினாள். போன கிழமைதான் அவளுடைய தங்கை இடிபாட்டுக்குள் செத்துப்போனாள். 'இரண்டு மணித்தியாலம் அவளை மறக்கப் பண்ணிவிட்டாயே, பாவி' என்றாள்." கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அடுத்த நாளும் அவள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்."

பிறகு எழுந்து, மிச்சக் கதிரைகளை மடக்க உதவினார். வின்சன்ற் வேண்டாம் என்று தடுத்தும் அவர் கேட்கவில்லை.

விசாரணையின் முடிவு வின்சன்றுக்குச் சாதகமாக வந்தது. அதுதான் துன்பமாகப் போனது. அவரைச் 'சமூக எதிர்வினை ஆலோசகர்' ஆக்கினார்கள். சம்பளம் பழையதுதான், சட்டையில் குத்திக்கொள்ளப் பதவிப் பெயர் எழுதிய ஒரு பட்டி கொடுத்தார்கள். ஒத்திகைகளில் முன்வரிசையில் இருந்து, குறிக்கப்பட்ட இடங்களில் அவர் சிரிக்க வேண்டும். அதைக் கைதட்டல் ஆய்வுக் குழு அவதானிக்கும்.

ஒத்திகையோ நாளுக்கு நாள் மோசமானது. நாடகத்தில் நான்கு கதவுகள். கலாநிதி பிளேக் நான்கையும் நீக்கினார். "கதவு என்பது பழகிப்போன ஒரு சைகை. நாங்கள் கதவின்மையைக் காட்டுவோம்."

"கதவில்லாமல் எப்படி ஒளிவது?" என்று ரக்வெல் கேட்டார்.

"ஒளிந்ததாகப் பார்வையாளர்கள் சம்மதிப்பார்கள்."

அலுமாரி இருந்த இடத்தில் சோக்குக் கட்டியால் ஒரு சதுரம் கீறினார்கள். நீதவானின் காற்சட்டை கழன்று விழும் கட்டத்தைப் பாதுகாப்புக் குழு மூன்று முறை கூடி ஆராய்ந்தது. காற்சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அது விழுந்துவிட்டது என்பதை நடிகர் முன்னால் வந்து சபைக்கு அறிவிப்பார் என்று முடிவானது. பார்வையாளர்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரமும் அச்சாகியது: 'சிரிக்க விரும்புவோர், நாடகத்தின் பின் நடைபெறும் கலந்துரையாடலின் முடிவில் சிரிக்கலாம்.'

விடுதிக்காரியாக நடித்த பேர்ணடெற் என்ற இளம் பெண், சோக்குச் சதுரத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் கழிப்பறைக்குள் போய் அழுதாள். அந்த நாடகத்தைச் சிறு வயதில் தாயோடு பார்த்து, அதனால்தான் நடிகையாக வேண்டும் என்று வந்தவள் அவள்.

வின்சன்றுக்குச் சிரிப்பு வரவில்லை. கைதட்டல் ஆய்வுக் குழு பேனையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. 'சிரிப்பில் போதிய ஈடுபாடு காட்டாமை' என்று தலைவர் எழுத்தில் எச்சரித்தார். இன்னொரு தரம் என்றால் வேலை போய்விடும்.

கிளடிஸ் தொழிற்சாலையில் பக்கிங் வேலைக்குப் போய்விட்டு இரண்டு பஸ் மாறி வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அந்தக் கடிதத்தைக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களைக் கல்லே உடைக்கச் சொன்னவங்கள்? சிரிக்கத்தானே சொன்னவங்கள்?"

"வரேல்லை, கிளடிஸ்."

"வராட்டில் வரப்பண்ணுங்கோ. வாடகை மாசாமாசம் வருகுதுதானே, ஆரும் சொல்லாமலே."

சமையலறையில் அவள் பயிற்சி கொடுத்தாள். குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்று, அகப்பையைப் பிடித்துக்கொண்டு, "ஆள் இருக்கு!" என்றாள். வின்சன்ற் மூச்சை இழுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு சத்தம் போட்டார். அறைக்குள்ளிருந்து சின்ன மகள் எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு வயித்துக்குத்தோ?" என்று கேட்டாள்.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம், எல்லோரும் போன பிறகு, ரக்வெல் மேடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். முகம் வெளிறியிருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார்.

"நாளைக்கு மண்டபம் நிறையச் சனம் வரும். சிரிக்காமல் வீட்டுக்குப் போகும். நான் அறுபது வருடம் என்ன செய்தேன் என்று அதற்குப் பிறகு என்னாலேயே சொல்ல முடியாது." வின்சன்றைப் பார்த்தார். "எனக்கு விருது வேண்டாம். நாலு கதவு வேண்டும், வின்சன்ற். உன்னால் முடியாது என்று தெரியும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது."

மல்வேர்னுக்குப் போகும் பஸ்ஸில் வின்சன்ற் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டார். நடந்து திரும்பி வந்து, சாப்பிடாமல் இருந்து, விஷயத்தைக் கிளடிஸிடம் சொன்னார்.

"ஒரு நாளில நாலு கதவு செய்ய மரத்துக்கு எங்கை போவியள்?"

"மரம் தேவையில்லை. கட்டிடம் முழுக்கக் கதவுதானே."

கிளடிஸ் அவரைப் பார்த்தாள். எச்சரிக்கைக் கடிதம் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தாள்.

"அந்தக் கிழவன் பாவம்," என்றாள். "பூட்டுகளைக் கவனமாக் கழட்டுங்கோ. உடைஞ்சால் அதுக்கும் காசு கேப்பாங்கள்."

மறுநாள் சனிக்கிழமை. கழகத்தின் பெரியவர்கள் ஹோட்டல் ஒன்றில் விருந்துக்குப் போயிருந்தார்கள். வின்சன்ற் கருவிப்பெட்டியை எடுத்தார். தலைவரின் அறைக் கதவு, கூட்ட அறைக் கதவு, நூலகக் கதவு, ஆண்கள் கழிப்பறைக் கதவு என்று நான்கையும் பிணைச்சலோடு கழற்றி, மேடையில் சட்டம் அடித்துப் பொருத்தினார். ஆண்டறிக்கைகளை நிலக்கீழ் அறைக்கு இறக்கி, ஆவணங்கள் வைத்திருந்த பெரிய மர அலுமாரியை வெறுமையாக்கி நடுவில் வைத்தார். கதவுகளில் இருந்த பெயர்ப் பலகைகள் சனத்துக்குத் தெரிந்தால் அழகில்லை என்று, அவை மேடையின் பின்பக்கம் பார்க்கும்படி கதவுகளைத் திருப்பிப் பூட்டினார். வேறு எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

மதியம் வந்த பேர்ணடெற் ஒரு கதவைத் திறந்து அடித்துச் சாத்தினாள். மண்டபம் அதிர்ந்தது. மறுபடி திறந்து மறுபடி சாத்தினாள். ரக்வெல் கோட்டைக் கழற்றிவிட்டு, நடிகர்களை வைத்துக்கொண்டு, மூன்று மணித்தியாலம் தலைவைத்தியரைப்போல நின்று வேலை வாங்கினார். அவருக்கு எண்பது வயது என்று அப்போது யாரும் சொல்ல முடியாது.

அன்று மண்டபம் நிறைந்தது. சமூகப் பங்களிப்புக்காக அமிர்தநாதர் மல்வேர்னிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழர்களை ஏற்றி வந்திருந்தார். சாப்பாடும் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்.

தலைவர் பேசினார்: "நான் திரு. ரக்வெல்லின் நாடகங்களைப் பார்த்ததில்லை. வாசிக்கத் தொடங்கியதும் அண்மையில்தான். அதனால்தான் அவற்றைப் பற்றி நடுநிலையோடு பேச முடிகிறது." மாகாணக் கலாசார அதிகாரி பேசினார்: "அரசு நகைச்சுவைக்கு எதிரானது அல்ல. உரிய முறையில் விண்ணப்பிக்கப்படும் எந்த நகைச்சுவையையும் அரசு பரிசீலிக்கும்." அதிகாரி விருந்தில் நிறையக் குடித்திருந்தார். பேச்சு முடிந்ததும் அவசரமாக மண்டபத்தை விட்டு வெளியே போனார்.

திரை திறந்தது. நான்கு கதவுகளையும் அலுமாரியையும் கண்டதும் கலாநிதி பிளேக் எழுந்து, நாடகத்தை நிறுத்த வழி தேடி மேடையின் பின்பக்கம் ஓடினார். தலைவர் அதுவும் கதவின்மையின் ஒரு வடிவம் என்று எண்ணி, இருந்த இடத்திலேயே இருந்தார். நாடகம் தொடங்கியது. முதல் கதவு அடித்துச் சாத்தப்பட்டபோது மல்வேர்ன் பஸ்காரர்கள் நிமிர்ந்து இருந்தார்கள். நீதவானின் காற்சட்டை, பாதுகாப்புக் குழுவின் தீர்மானத்தை மீறி, விழுந்தது. சனம் துண்டுப் பிரசுரத்தை மறந்து சிரித்தது.

இதற்கிடையில் கலாசார அதிகாரி கழிப்பறை தேடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கதவே இல்லாத ஒரு அறை தெரிந்தது. அரசாங்க அதிகாரி அங்கே போக முடியாது. நடைவழியின் முடிவில், அரையிருட்டில், 'ஆண்கள்' என்று எழுதிய ஒரு கதவைக் கண்டார். நன்றியோடு அதைத் திறந்து, காற்சட்டைப் பொத்தானில் கை வைத்தபடியே உள்ளே போனார்.

முந்நூறு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேர்ணடெற் தொழில் தெரிந்தவள். விடுதிக்காரியின் வசனத்தைச் சொன்னாள்: "அறை வேண்டுமா, ஐயா? எத்தனை நாளைக்கு?"

"ஒரு நிமிட வேலைதான்," என்றார் அதிகாரி.

மண்டபம் வெடித்தது. அவர் திரும்பினார், எந்தக் கதவால் வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அலுமாரியைத் திறந்தார். உள்ளே காற்சட்டை இல்லாமல் நின்ற நீதவான், "மன்னிக்கவும், இங்கே ஆள் இருக்கிறது," என்றார். அதிகாரி சனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரை மீட்பதற்காகத் தலைவர் பின்பக்கம் போனார். காவல்துறைக்குத் தொலைபேசி எடுப்போம் என்று தன் பெயர் எழுதிய கதவைத் திறந்து உள்ளே வந்தார். 'கூட்டம் நடைபெறுகிறது, அமைதி' என்ற கதவால் கலாநிதி பிளேக் "நிறுத்துங்கள்!" என்று கத்திக்கொண்டு வந்து, தலைவரின் மேல் மோதினார். எல்லோரையும் வெளியே அழைத்துவர அமிர்தநாதர் நூலகக் கதவால் நுழைந்தார். எதிரே நிறைந்த சபை. அதைக் கண்டதும், எத்தனையோ வருடப் பழக்கத்தில், கைகள் தாமாகவே கோட்டின் பொத்தானைப் பூட்டின. "பேரன்பு மிக்க பெரியோர்களே, தாய்மார்களே..." என்று தொடங்கினார்.

மல்வேர்ன் பஸ்காரர்கள் கதிரையிலிருந்து சரிந்தார்கள். ஒரு மனிசி, "ஐயோ, ஆராவது உவரை நிப்பாட்டுங்கோ, என்னால ஏலாது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

ரக்வெல் மேடையைப் பார்க்கவேயில்லை. முன்வரிசையில் தன் கதிரையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை இழுக்கும் கயிற்றடியில் நின்று வின்சன்ற் அவரைக் கண்டார். பிறகு மேடையைக் கண்டார். ஒருவரும் கேளாமலே அவருக்குச் சிரிப்பு வந்தது; கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

கழகம் எதிர்பாராத துணிச்சலைக் காட்டியிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. கழகம் பாராட்டை ஏற்று ஓர் அறிக்கை விட்டது. அதே நாளில் வின்சன்றை வேலையால் நீக்கத் தீர்மானித்தது. ஆனால் ஒரு சிக்கல். ஒழுக்காற்று விசாரணை கூட்ட அறையில், சாத்திய கதவுக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. கூட்ட அறைக்கோ சாத்துவதற்குக் கதவு இருக்கவில்லை. ஆகவே வின்சன்றுக்கு எழுத்தில் ஒரு கட்டளை வந்தது: கதவுகளை முதலில் பழைய இடங்களில் பொருத்தவும், அதன் பிறகு விசாரணைக்குச் சமூகமளிக்கவும்.

அவர் நான்கு கதவையும் பழைய இடத்தில் பூட்டினார். கூட்ட அறைக் கதவு முன்பு உரசும்; அதையும் சீவிச் சரிசெய்தார்.

"கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்," என்றார் தலைவர். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. குற்றச்சாட்டை வாசித்தார்: "ஒத்திகைகளில் சிரிக்கத் தவறினார். அரங்கேற்றத்தில் அனுமதியின்றிச் சிரித்தார்." பிறகு குரலைத் தாழ்த்தி, வின்சன்றுடைய இனத்தின் துயரத்தைக் கழகம் எவ்வளவு ஆழமாக மதிக்கிறது என்றும், அந்தத் துயரத்தோடு கழகத்துக்கு ஏற்பட்ட தோழமை என்றைக்கும் தொடரும் என்றும், இந்தப் பிரிவு இரு பண்பாடுகளுக்கும் இடையே ஒரு பாலமாக அமையும் என்றும் நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார்.

முடிந்ததும் வின்சன்ற் அமிர்தநாதரைப் பார்த்தார்.

"போகச் சொல்லுகினம்," என்றார் அமிர்தநாதர்.

அடுத்த வசந்த காலத்தில் பேர்ணடெற்றும் மற்ற நடிகர்களும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வின்சன்ற் பகலில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பின்னேரங்களில் அவர்களுக்கு மேடை அடித்துக் கொடுத்து, திரையும் இழுத்தார். சில நாட்களில் கிளடிஸ் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தாள். ரக்வெல் வீட்டிலிருந்து நடந்தே வருவார். மாதக்கணக்கில் நாடகம் ஓடியது.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் ரக்வெல் நித்திரையிலேயே இறந்துபோனார். இறந்துவிட்டதால் கழகத்துக்கு அவர் மீது மறுபடியும் மரியாதை வந்தது. அடக்கத்தில் தலைவர் மூன்று பக்கம் வாசித்தார். "ரக்வெல்லின் நகைச்சுவையை உலகுக்கு முதலில் அடையாளம் காட்டியது எமது கழகமே. அவர் நினைவாக ஆண்டுதோறும் ஒரு மௌனப் பேருரை நடைபெறும்." மழை தூறிக்கொண்டிருந்தது. தலைவரின் குடைக்குள் கலாநிதி பிளேக் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றார். வின்சன்றும் கிளடிஸும் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு முன்னமே வெளிக்கிட்டார்கள்.

அன்றும் பின்னேரம் நாடகம் இருந்தது. டிக்கெட் எல்லாம் விற்றிருந்தது. செய்தி தெரிந்து வந்த சனம் கறுப்பு உடுப்போடு, கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் இருப்பதுபோல இருந்தது. பேர்ணடெற் விடுதிக்காரியின் உடுப்பில் கண் சிவந்துபோய் நின்றாள். "என்னால் முடியுமோ தெரியவில்லை. அவர்களும் சிரிக்க மாட்டார்கள். இன்றைக்கு வேண்டாமா, வின்சன்ற்?"

வின்சன்ற் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கிளடிஸைப் பார்த்தார். அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பின்வரிசையில் இருந்தாள். அவர் திரையை இழுத்தார்.

முதல் சிரிப்பு வர வழமையைவிட நேரம் எடுத்தது. ஒருவர் மூக்கைச் சிந்தினார். வேறு யாரோ இருமினார்கள். பிறகு நடுவரிசையில் ஒரு கிழவி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர் அவளைத் திரும்பிப் பார்த்து, அவரும் தொடங்கினார். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.